உங்கம்மா பெயருக்கு வந்த கடிதம்

தம்பிக்கு,

முதலில் ஒரு மூச்சு விட்டுக்கொள். இங்கே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உங்கம்மா என் எதிரில் உட்கார்ந்து போஞ்சிக்கு நார் எடுத்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு முழங்கால் வலி மட்டும்தான், அது உனக்குத் தெரிந்த வலிதான். ஆளுக்கொரு ஃபோன் இருக்கும் காலத்தில் வீட்டிலிருந்து கடிதம் வந்தால் மனுஷன் யாருக்கு என்ன ஆனதோ என்றுதான் நினைப்பான் என்பது, இருபத்தாறு வருடமாக இந்தத் தோட்டத்துக்குத் தபால் சுமக்கும் எனக்குத் தெரியாதா? ஆனால் இந்த விஷயத்தை ஃபோனில் பேச ஆரம்பித்தால் நான் பாதியில் மழையைப் பற்றிச் சொல்லித் தப்பித்துவிடுகிறேன். மூன்று தடவை அப்படித்தான் ஆனது. போன ஞாயிற்றுக்கிழமை தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஒரு விஷயம் சொல்லணும் தம்பி என்று ஆரம்பித்தவன், கடைசியில் கல்யாணச் சமையலுக்கு எத்தனை கிலோ உருளைக்கிழங்கு வேண்டும் என்று கேட்டு முடித்தேனே, அது உருளைக்கிழங்கு விஷயம் இல்லை. இது.

உன் கல்யாணத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. வட்டவளையிலிருந்து ரேணுகா என்று ஒரு பிள்ளை உன்னை நம்பிக் கொழும்புக்கு வரப்போகிறது. அதற்குள் நீ தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றை, ஒரு வருடத்துக்கு மேலாக உன்னிடமிருந்து மறைத்து வைத்திருக்கிறோம். நான் உனக்கு எழுதப்போகிறேன் என்றதும் உங்கம்மா கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தாள். பிறகு, "எழுதுங்க. ஆனா ஒவ்வொரு பக்கமும் எனக்கு வாசிச்சுக் காட்டணும். உங்களப் பெரிய ஆளா வச்சு எழுதினீங்க, கிழிச்சு அடுப்புல போட்ருவேன்" என்றாள். அதனால் இதில் நான் பெரிய ஆளாக இருக்கமாட்டேன். இருந்தால் உனக்கு இது வந்தே சேராது.

என் வேலையில் எனக்கு எவ்வளவு மண்டைக்கனம் என்பது உனக்குத் தெரியும். காலையில் தலவாக்கலைத் தபால் கந்தோருக்குப் போய்ப் பையை வாங்கியதும், அங்கே இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து கடிதங்களை லயம் வாரியாகப் பிரிப்பேன். ஒரே வரிசையாக ஒட்டிக் கட்டிய நமது லயங்களுக்கு வீட்டு இலக்கமா இருக்கிறது, தெருப் பெயரா இருக்கிறது? ஆள் பெயர், தோட்டத்தின் பெயர், டிவிஷன், அவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் தலைக்குள்தான். எந்தச் செல்வராணி எந்த லயம், எந்தச் செல்வராணி கல்யாணமாகிப் பூண்டுலோயாப் பக்கம் போய்விட்டாள், எல்லாம் எனக்கு அத்துப்படி. அதோடு விட்டேனா? கவரைப் பார்த்தே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். நீளக் கவர், மேலே கண்ணாடித்தாள் இருந்தால் வங்கி. ஓரம் மடங்கிய வெள்ளைக் கவர் பரீட்சைப் பெறுபேறு. "ஒம் மகன் பாசு, போ, சீனி போட்டுத் தேத்தண்ணி ஊத்து" என்று ஆள் கவரைப் பிரிப்பதற்குள் சொல்லிவிடுவேன். பத்தில் எட்டு சரியாக இருக்கும். அந்த எட்டைத்தான் தோட்டம் பேசும். தவறிப்போன இரண்டை நானும் பேசமாட்டேன், அவர்களும் மரியாதைக்கு விட்டுவிடுவார்கள்.

இனி, உனக்குத் தெரியாதது. நீ ஒன்பதாம் வகுப்புப் படித்தபோது உங்கம்மாவுக்கு முப்பத்தைந்து வயது. மிட்வைஃப் மிஸ், கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவுக்கு வந்து, முப்பத்தைந்து வயதான பெண்களெல்லாம் கிளினிக்குக்கு வந்து கருப்பைக் கழுத்துச் சோதனை செய்துகொள்ளுங்கள், ஐந்து நிமிட வேலை, கொஞ்சம் எடுத்துப் பார்ப்போம், புற்றுநோய் வருவதற்கு முன்னாலேயே தெரிந்துகொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். உங்கம்மா வந்து என்னிடம் சொன்னாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? நோய் இல்லாத பொம்பளைக்கு ஆஸ்பத்திரியில் என்ன வேலை என்றேன். யார் பார்ப்பார்கள், எங்கே பார்ப்பார்கள் என்று குறுக்குக் கேள்வி கேட்டேன். ஊரில் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்றேன். அந்த நாலு பேர் யார் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. உங்கம்மா ரொட்டியைத் தட்டில் போட்டுவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள். நானும் விஷயம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். அவளுக்கு அது முடியவில்லை. பத்து வருடம் மனதில் வைத்திருந்தாள். நாற்பத்தைந்து வயதில் மறுபடி மிஸ் வந்து கூப்பிட்டபோது, பிரஷர் பார்க்கப் போகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டு, போய்ச் சோதனையைச் செய்துகொண்டு வந்துவிட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் பிரஷர் எப்படி என்று நான் கேட்டேன். நல்லா இருக்கு என்றாள். அவ்வளவு சுலபமாக என்னை ஏமாற்றலாம் என்று உனக்கும் தெரிந்திருக்கும், நீ பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட காலத்தில்.

சோதனை எப்படி இருந்தது என்று பிறகு நான் கேட்டபோது அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், அவள் எழுதச் சொல்கிறாள். திரைச்சீலைக்குப் பின்னால் படுக்கவைத்தார்களாம். மிஸ் மட்டும்தானாம். கொஞ்சம் கூச்சம், கொஞ்சம் இழுக்கிற மாதிரி, அவ்வளவுதான், அட்டை கடித்ததை விடக் குறைவு என்கிறாள். முடிந்ததும் மிஸ், முடிவு வர நாளாகும், சரியாக இருந்தால் அடுத்த கிளினிக்கில் சொல்லுவேன், ஏதும் இருந்தால் நானே வீட்டுக்கு வந்து உங்களிடம் சொல்லுகிறேன் என்றாராம். அந்த மிஸ் நல்ல பிள்ளை, சொன்னால் செய்கிற பிள்ளை. ஆனால் அவரே பிள்ளைத்தாய்ச்சி. முடிவு வருவதற்கு முன்னால் பிரசவ லீவில் போய்விட்டார். அவருக்குப் பதிலாக யாரும் இந்த மலைப்பக்கம் ஏறி வரவில்லை. அதனால் டவுனில் ஒரு மேசையிலிருந்து ஒரு கடிதம் கிளம்பியது. உங்கம்மா பெயருக்கு, சிங்களத்தில், அரசாங்க முத்திரை வைத்த பழுப்புக் கவரில், என் பைக்குள்.

இப்போது சிரிக்கத் தயாராகு. உங்கம்மா ஏற்கனவே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். பெஞ்சில் உட்கார்ந்து கவரைப் பார்த்தேன். அரசாங்க முத்திரை. உங்கம்மா பெயர், அது மட்டும் இங்கிலீஷில். அந்த மாதம் தோட்டம் முழுக்க ஒரே பேச்சு, புது வீட்டுத் திட்டம் வருகிறது, வீட்டைப் பெண்கள் பெயரில்தான் எழுதுவார்களாம் என்று. நாமும் எழுதிக் கொடுத்திருந்தோமே. வீட்டுக் கடிதமேதான் என்று முடிவு கட்டினேன். பிரித்தேன். ஆமாம், நானே பிரித்தேன். என் பெண்டாட்டிக்கு வந்த கடிதத்தை நான் பிரித்தால் என்ன என்று நினைக்கக்கூட இல்லை, கை தானாகப் பிரித்தது. உனக்குத் தெரியும், நான் சிங்களம் பேசினால் எதிரில் இருப்பவன் என்னையும் சிங்களவன் என்று நினைத்து ஊர் எது என்று கேட்பான். ஆனால் வாசிக்கத் தெரியாது. எழுத்தெல்லாம் ஜாங்கிரி சுற்றின மாதிரி இருந்தது. நடுவில் மூன்று இலக்கம் மட்டும் தெரிந்தது. ஒரு திகதி, மூன்று வாரம் தள்ளி. காலை எட்டரை மணி. அப்புறம் தனியாக ஒரு ஏழு. எனக்கு அதற்கு மேல் வேறு என்ன வேண்டும்? திகதி, சாவி கொடுக்கும் நாள். எட்டரை, நல்ல நேரம். ஏழு, ஏழு பேர்ச்சஸ் நிலம்! தபால் கந்தோரிலேயே இரண்டு பேருக்குச் சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கடிதத்துக்கு நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, முருகன் படத்துக்கு முன்னால் வைத்துத் தேங்காய் உடைத்தேன். உங்கம்மா, யாராவது வாசிக்கத் தெரிந்தவரிடம் ஒரு தடவை காட்டலாமே என்றாள். தபால்காரனுக்கே கடிதம் வாசித்துக் காட்டணுமா என்று கேட்டேன். கந்தோர்க் கிளாக்கரிடம் காட்டியிருந்தால் அரை நிமிடத்தில் சொல்லியிருப்பார். காட்டவில்லை. காட்டினால் என் பெயர் என்ன ஆகிறது? உங்கம்மாவுக்கும் சோதனை ஞாபகம் வரவில்லையாம். மிஸ்தான் நேரில் வந்து சொல்லுவேன் என்றாரே, கடிதத்தில் வரும் என்று அவள் எப்படி நினைப்பாள்? அதற்குப் பிறகு நடந்ததில் உனக்கும் பங்கு இருக்கிறது. ஃபோனில் சொன்னதும் நீ கொழும்பிலிருந்து சுவர்க்கடிகாரம் வாங்கி அனுப்பினாய். நான் கயிற்றை எடுத்துக்கொண்டு போய், எங்கே வீடு வரும் என்று யாருக்கும் தெரியாத ஒரு மேட்டில் குசினிக்கும் முன்னறைக்கும் அளவு பார்த்தேன். உங்கம்மா ஜன்னல் கிழக்குப் பக்கம் வேண்டும் என்றாள், நான் அங்கே கதவு என்றேன், இல்லாத சுவருக்காக ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டுக் காம்பராக்களில் எல்லோரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். இப்போது யோசித்தால் நெஞ்சைப் பிசைகிறது, தம்பி. ஆனால் பொய் எழுதக்கூடாது: எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே அந்த மூன்று வாரம் மாதிரி நாங்கள் சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்ததில்லை. உங்கம்மாவும் தலையாட்டுகிறாள்.

அந்த நாள் வந்தது. உங்கம்மா உன் அக்கா கல்யாணத்துக்குக் கட்டிய ஊதா சாரி. நான் வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. எட்டு மணிக்கே டவுனில் காணிக் கந்தோர் வாசலில் போய் நின்றோம். எங்களைத் தவிர வேறு யாரும் இல்லை. நாம்தான் முதல் ஆள் என்று உங்கம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். ஒன்பதரை மணிக்கு ஒரு சின்ன வயதுச் சிங்களப் பிள்ளை மேசையில் வந்து உட்கார்ந்தது. நான் இரண்டு கையாலும் கடிதத்தை நீட்டினேன், மஞ்சளோடு. அந்தப் பிள்ளை வாசித்தது. என்னைப் பார்த்தது. என் சட்டையைப் பார்த்தது. பிறகு கடிதத்தை எனக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை. இது யார் பெயருக்கு வந்தது என்று கேட்டது. சம்சாரம் பெயருக்கு என்றேன். அப்படியென்றால் நான் அவங்களிடம்தான் பேசணும் என்று சொல்லி எழுந்துபோய், உங்கம்மா கையைப் பிடித்து ஜன்னல் பக்கம் கூட்டிக்கொண்டு போனது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் தபால்காரன், நான் புருஷன், என்னிடம் சொல்லாமல் என்ன பேச்சு? அங்கிருந்து பார்த்தேன். அந்தப் பிள்ளை மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தது. உங்கம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய கை சாரி முந்தானையை எடுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டதைப் பார்த்ததும் எனக்கு வீடு, நிலம் எல்லாம் மறந்துபோனது.

வந்தாள். "இது வீட்டுக் கடுதாசி இல்லீங்க. எனக்கு வந்தது. ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்காங்க, இன்னைக்கு எட்டரைக்கு, ஏழாம் நம்பர் ரூமுக்கு. அந்தச் சோதனையில என்னமோ மாத்தம் தெரியுதாம்" என்றாள். எந்தச் சோதனை என்று கேட்டேன். அப்போதுதான் முழுவதையும் சொன்னாள். பத்து வருடத்துக்கு முன்னால் நான் கேட்ட குறுக்குக் கேள்வியிலிருந்து ஆரம்பித்து, கந்தோர் வாசலில் நின்றுகொண்டே, ஒரு சொல் கூட விடாமல். நான் என்ன செய்தேன் என்கிறாய்? கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நுவரெலியாவுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், கிளினிக் பன்னிரண்டுக்கு மூடிவிடும் என்று அந்தப் பிள்ளையே வெளியே ஓடிவந்து ஒரு த்ரீவீலை நிறுத்தியது. ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்து, தூரத்திலிருந்து வருகிறார்கள், ஆள் வரும் வரைக்கும் கிளினிக் அட்டையை எடுத்து வைத்துவிடாதீர்கள் என்றும் சொன்னது. நன்றி சொல்லாமலே ஏறி உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு தடவை நம் தோட்டத்து மரக்கறியெல்லாம் ஒரு பை நிறையக் கொண்டுபோய்க் கொடுத்தேன், சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டது.

த்ரீவீலில் உங்கம்மா என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். நானுஓயா தாண்டும் வரைக்கும் வெளியே தேயிலையையே பார்த்துக்கொண்டு வந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் போலிருந்தது. நானே, என்னைத் திட்டிவிடு புள்ள என்றேன். "திட்டுறது வீட்டுல. இப்ப பயமா இருக்கு, கையக் குடுங்க" என்றாள். அவள் பயமாக இருக்கிறது என்று சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். கொழுந்து எடுக்கிற கை, உனக்குத் தெரியும், மரப்பட்டை மாதிரி இருக்கும். அதை நுவரெலியா வரைக்கும் விடவில்லை. தம்பி, மூன்று வாரம் அந்தக் கடிதம் சாமி படத்துக்கு முன்னால் சும்மா கிடந்தது. இந்த நாளும் தப்பியிருந்தால் இன்னொரு கடிதம் வந்திருக்கும், அதையும் நான் வீட்டுக் கடிதம் என்று கும்பிட்டிருப்பேன். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் சோறு இறங்காது.

பதினொன்றே காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஏழாம் நம்பர் அறை நிஜமாகவே இருந்தது. டாக்டரம்மா மஞ்சள் தடவிய கடிதத்தைப் பார்த்துவிட்டு, இது என்ன கறியா என்று கேட்டார். உங்கம்மா காரணத்தைச் சொல்ல, அங்கே இருந்த நர்ஸ் எல்லோரும் என்னை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். சிரிக்கட்டும் என்று நின்றேன். டாக்டரம்மா உங்கம்மாவிடம் தமிழில்தான் பேசினார். மாற்றம் என்றால் புற்றுநோய் என்று அர்த்தம் இல்லை, கண்ணாடி வைத்துப் பெரிதாக்கிப் பார்ப்போம், ஒரு பொட்டுச் சதை எடுத்து அனுப்புவோம், அதற்குப் பிறகுதான் எதுவும் சொல்ல முடியும் என்றார். அதன் முடிவுக்கு உங்கம்மா தானே நேரில் போனாள். நான் வெளியே பெஞ்சில். உள்ளே வரட்டுமா என்று கேட்டேன், முதலில் நான் கேட்டுக்கிறேன் என்றாள். வெளியே வந்தவள் நேராகக் கடைக்குப் போய் இரண்டு வடை சொல்லி, எனக்கு ஒன்றைக் கொடுத்து, நான் பாதி கடித்த பிறகுதான் சொன்னாள். புற்றுநோய் இல்லை. விட்டுவைத்தால் என்றைக்காவது ஒரு நாள் அதுவாக மாறியிருக்கலாம். அந்த இடத்தை மட்டும் எடுத்துவிட்டால் போதும், கருப்பையை எடுக்க வேண்டியதில்லை. நான் மிச்ச வடையை மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றேன்.

ஒரு காலையில் எடுத்தார்கள், அன்றைக்குச் சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டோம். நீ அந்த வாரம் ஃபோன் எடுத்தபோது, அம்மா தூங்குகிறாள் என்றும், வீட்டு விஷயம் தள்ளிப் போய்விட்டது என்றும் சொன்னேன். இரண்டாவதாகச் சொன்னது பொய்யும் இல்லை, அது இன்னும் தள்ளித்தான் போய்க்கொண்டிருக்கிறது. உன்னிடம் சொல்லக்கூடாது என்றது உங்கம்மாதான். நீ வேலையைப் போட்டுவிட்டு ஓடிவருவாய், புது வேலை, வைத்துக்கொள்ளமாட்டார்கள் என்று. அந்த ஒரு மாதம் நான் தண்ணீர் பிடித்தேன், ரொட்டி சுட்டேன். என் ரொட்டியைப் பற்றி உங்கம்மா ஏதோ எழுதச் சொல்கிறாள். அதை எழுதமாட்டேன்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், ரேணுகா பிள்ளைக்கு இப்போது இருபத்தைந்து. பத்து வருடம் கழித்து ஒரு நாள் வந்து, இப்படி ஒரு சோதனைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று உன்னிடம் சொல்லும். அப்போது எதற்கு என்று கேட்காதே. எப்போது என்று கேள். கூட வரட்டுமா என்று கேள். வேண்டாம் என்றால் வீட்டில் இருந்து சமை. முடிவு வந்தால் அது அந்தப் பிள்ளையின் உடம்புச் செய்தி, முதலில் அதன் காதுக்குப் போகட்டும். உனக்குச் சொல்லும்போது கேட்டுக்கொள். ஒரு நிமிடம் பிந்தித் தெரிந்தால் உன் ஆண்பிள்ளைத்தனம் ஒன்றும் உதிர்ந்துவிடாது. என்னுடையது உதிரவில்லை. அதோடு, உன் வீட்டுக்கு அதன் பெயரில் எந்தக் கடிதம் வந்தாலும், வங்கியாக இருந்தாலும் வேறு எதுவாக இருந்தாலும், பிரிக்காதே. நான் உனக்குச் சொல்லிக்கொடுத்த கவர் பார்க்கும் வித்தையை மறந்துவிடு. உனக்கு வாசிக்கத் தெரியாத பாஷையில் வந்தால் தெரியாது என்று சொல்லு. அந்த ஒரு சொல் என் வாயில் வராததால்தான் இவ்வளவும்.

இன்னும் ஒன்று இருக்கிறது, நான் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். ஆறு மாதம் கழித்து மறுபடி சோதனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். எடுத்த இடம் சுத்தமாக இருக்கிறதா, அந்த மாற்றம் திரும்பி வந்துவிட்டதா என்று அதில்தான் தெரியும். போய் வந்தோம். இந்தத் தடவை டாக்டரம்மா, முடிவை எப்படிச் சொல்லட்டும், ஃபோன் எடுக்கட்டுமா, நேரில் வருகிறீர்களா, யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லக்கூடாது என்று உங்கம்மாவைக் கேட்டார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உங்கம்மா என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "கடுதாசியா அனுப்புங்க டாக்டர். தமிழ்ல எழுதுங்க, எனக்கு வாசிக்கத் தெரியும். இவரு கொண்டாந்து குடுக்கட்டும்" என்றாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை, பையில் அது இருந்தது. பெஞ்சில் மற்றக் கடிதங்களைப் பிரித்துக்கொண்டே வந்தேன், உங்கம்மா பெயர் கையில் வந்தது. அதற்கு மேல் எந்தச் செல்வராணி எந்த லயம் என்று எனக்கு ஒன்றும் ஓடவில்லை. கவரைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு மலை ஏறினேன். தேயிலை ஸ்டோர் லொறிக்காரன் நிறுத்தி ஏறச் சொன்னான், வேண்டாம் என்றேன். சீக்கிரம் போய்ச் சேரவும் பயம், போகாமல் இருக்கவும் பயம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. இது உங்கம்மாவுக்கும் இப்போதுதான் தெரிகிறது, போஞ்சியால் அடித்துவிட்டாள். ஆனால் பிரிக்கவில்லை, தம்பி. உன்மேல் ஆணையாகப் பிரிக்கவில்லை.

மேல் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். நான் சரிவில் ஏறி வருவதைப் பார்த்ததும் பெண்களெல்லாம் கையை நிறுத்திவிட்டார்கள். தபால்காரன் மலைக்குள் வந்தால் யார் வீட்டிலோ ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். கங்காணிகூடச் சத்தம் போடவில்லை. நான் கவரை நீட்டினேன். இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படங்கில் இரண்டு கையையும் துடைத்துக்கொண்டு வாங்கினாள். மெதுவாகப் பிரித்தாள். உங்கம்மா வாசிக்கும்போது உதடு அசையும், உனக்குத் தெரியும். நாலே வரிதான் இருந்தது, ஆனால் அந்த உதடு அசைந்துகொண்டே இருந்தது. இருபத்தாறு வருடத்தில் எத்தனை பேருக்கு எத்தனை கடிதம் கொடுத்திருக்கிறேன். அவர்கள் வாசித்து முடிக்கும் வரைக்கும் நான் நின்றதே இல்லை.

மடித்தாள். ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். என்னா எழுதியிருக்கு என்று கேட்டேன்.

"சுத்தமா இருக்குதாம்" என்றாள். "ஒண்ணும் இல்லையாம். எனக்கு ஒண்ணும் இல்லீங்க."

பெண்கள் எல்லோரும் கத்திய கத்தலில் அடுத்த டிவிஷனில் வேலை நின்றிருக்கும். நான் அப்படியே தேயிலைக்கு நடுவில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். வெட்கப்படாமல் அழுதேன், அவ்வளவு சந்தோஷம். உங்கம்மா குனிந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "எந்திரிங்க. பையில மத்தவங்க கடுதாசி கெடக்குது. அவங்களும் காத்துக்கிட்டு இருப்பாங்கல்ல" என்றாள்.

எழுந்து போனேன். அன்றைக்குப் பையில் பெண்கள் பெயருக்கு ஐந்து கடிதம் இருந்தது. வழக்கமாக லயத்து முன்னால் நிற்கிற யாராவது ஒரு ஆம்பிளையிடம் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். அன்றைக்கு ஐந்தையும் மலை மலையாகத் தேடிப் போய், அந்தந்தப் பெண்ணின் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன்.

உன் அப்பா